பதினைந்து விநாடி

பழனி அடிவாரத்தில் எங்கள் வீட்டுக்கு எதிரே ஜட்கா ஸ்டாண்ட். 1960களில் ரயிலடியில் இறங்கும் பக்தர்கள் அந்த வண்டிகளில்தான் மலையடிவாரம் வருவார்கள். நாலு பேர் ஏறவேண்டிய வண்டியில் ஏழு பேர் ஏறியிருப்பார்கள். இழுத்து வருவது அப்பாவின் நெஞ்சுயரம்கூட இல்லாத மட்டக்குதிரை. கொள்ளு வேகும் வாசனையும் சாணமும் ஈரப்புல்லும் கலந்த அந்த மணம் இன்றைக்கும் எந்தக் கொட்டடியில் நுழைந்தாலும் எனக்குத் திரும்பி வரும்.

அங்கே ஒரு வயதான வண்டிக்காரர் இருந்தார். சவாரி இறங்கியதும் மற்றவர்கள் கூலியை எண்ணிக்கொண்டிருக்க, அவர் குதிரையின் இடப்பக்கம் போய் நிற்பார். முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால், வார் ஓடும் இடத்தில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார்.

"என்ன தாத்தா பாக்கறீங்க?"

"நெஞ்சு இறங்குதான்னு பாக்கறேன் தம்பி. இறங்கின பொறவுதான் அடுத்த சவாரி."

ஒருநாள் என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். ஈரமான தோலுக்கு அடியில் ஏதோ கதவைத் தட்டுவது மாதிரி இருந்தது. நான் கால்நடை மருத்துவம் படிக்கப் போனதற்கு வீட்டில் பல காரணங்கள் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த காரணம் அந்தத் தட்டல்தான்.

வேப்பேரியில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்து, சில வருடங்கள் ஊரில் மாடும் ஆடும் பார்த்துவிட்டு, 1981இல் அமெரிக்கா வந்தேன். வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே தொழில் நடத்த வரிசையாகப் பல தேர்வுகள் எழுதித் தேற வேண்டும். அது முடிகிறவரை வடக்குக் கலிபோர்னியாவில், சியரா நெவாடா மலைத்தொடரின் அடிவாரத்தில் ஒரு குதிரை மருத்துவமனையில் உதவியாளராக இருந்தேன். 1984 வசந்தத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அங்கிருந்த மூத்த மருத்துவர், "நாளைக்கு ஒரு நெடுந்தூரச் சவாரி இருக்கிறது, நாடி எண்ண ஆள் வேண்டும், வருகிறாயா?" என்று கேட்டார். ஒரு புல்வெளியில் நாற்பது ஐம்பது டிரெய்லர்கள், அவற்றின் பக்கத்தில் கட்டிய குதிரைகள், விடிகாலைக் குளிரில் நெற்றி விளக்குகளோடு அலையும் மனிதர்கள். பதினைந்து மைல் ஓடிவிட்டு வந்த முதல் குதிரையின் முன்னங்காலுக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். தாத்தாவின் உள்ளங்கை இருந்த அதே இடம்.

அன்று தொடங்கியது முப்பத்தைந்து வருடங்களுக்கு மேல் ஓடியது. முதலில் நாடி எண்ணுபவனாக, பிறகு தேர்வுகள் முடித்து சவாரி மருத்துவராக. நான் எந்தக் குதிரையிலும் நூறு மைல் போனதில்லை. ஆனால் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், அவர்களில் முக்கியமாகக் குழந்தைகளை.

இந்த விளையாட்டின் நவீன வடிவம் பிறந்தது எங்கள் பக்கத்து ஊரான ஆபர்னில். வெண்டல் ரோபி என்ற தொழிலதிபர் 1955இல் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு, பழைய சுரங்கக்காரர்கள் போன மலைப்பாதையில் நூறு மைலை ஒரே நாளில் குதிரையில் கடந்து காட்டினார். இந்தக் காலத்துக் குதிரைக்கு அது முடியாது என்று சொன்னவர்களுக்கு அவர் கொடுத்த பதில் அது. இன்று டெவிஸ் கோப்பை என்று உலகம் சொல்லும் சவாரி அதுதான். முந்தின வருடச் சவாரியில் குதிரை நொண்டி நின்றுபோன கோர்டி ஐன்ஸ்லே என்பவர் 1974இல் அதே பாதையில் காலாலேயே ஓடி முடித்தார். மனிதர்கள் ஓடும் நூறு மைல் ஓட்டங்களுக்கு அது வித்தானது. 1972இல் அமெரிக்க நெடுந்தூரச் சவாரி மாநாடு என்ற அமைப்பு தோன்றி, நாடு முழுக்க ஒரே விதிகளைக் கொண்டுவந்தது. அவர்களுடைய கொள்கை வாசகத்தைத் தமிழில் சொன்னால், முடித்தவரே வென்றவர்.

முடிப்பது என்றால் கோட்டைத் தாண்டுவதல்ல. அது புரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும். 25 மைலுக்கு 6 மணி நேரம், 50 மைலுக்கு 12, நூறுக்கு 24. வழியில் சில இடங்களில் வெட் செக் என்ற மருத்துவச் சோதனை உண்டு. குதிரை உள்ளே வந்து அரை மணிக்குள் அதன் நாடி நிமிடத்துக்கு 60, சில இடங்களில் 64 என்ற அளவுக்கு இறங்க வேண்டும். ஓய்வில் 30, 40 என்று இருக்கும் நாடி, மலை ஏறும்போது 150ஐத் தொடும். அது எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பதில் குதிரையின் முழு ஜாதகமும் இருக்கிறது. பிறகு நான் ஈறைப் பார்ப்பேன், விரலால் அழுத்தி நிறம் எத்தனை விநாடியில் திரும்புகிறது என்று பார்ப்பேன், தோளில் தோலைக் கிள்ளிவிடுவேன், வயிற்றின் நாலு பக்கமும் காது கொடுப்பேன், முதுகையும் வார் உரசும் இடத்தையும் தடவுவேன், துள்ளுநடையில் போகவிட்டு நொண்டுகிறதா என்று பார்ப்பேன். கடைசிக் கோட்டைத் தாண்டிய பிறகும் இதெல்லாம் உண்டு. இன்னும் போகச் சொன்னால் போகும் நிலையில் இருந்தால்தான் முடித்ததாகக் கணக்கு. முதலில் வந்தும் இந்தச் சோதனையில் தேறாத குதிரைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மட்டக்குதிரைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 14 கை 2 அங்குலம், அதாவது 58 அங்குல உயரத்துக்குக் கீழே இருந்தால் இங்கே போனி என்பார்கள். நான் வந்த புதிதில் இந்த விளையாட்டு அரேபியக் குதிரைகளின் விளையாட்டு என்று எல்லோரும் சொன்னார்கள். வெற்றிப் பட்டியலைப் பார்த்தால் அது உண்மை. ஆனால் ஜூலை மதியத்தில் ஒரு வெட் செக்கில் வந்து நின்று பாருங்கள். பெரிய உடம்புக் குதிரைகள் மூக்கை விரித்து இரைத்துக்கொண்டு நிழலில் நிற்கும். பக்கத்தில் ஒரு வெல்ஷ் போனி பத்து நிமிடத்தில் நாடி இறங்கி, அடுத்தவர் வைக்கோலைத் திருடிக்கொண்டிருக்கும். சின்ன உடம்புக்கு எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம். சூடு சீக்கிரம் வெளியே போகிறது. குளம்பு கெட்டி. கால் எலும்பு உடம்பின் அளவுக்குக் கனமானது. மலைகளிலும் சதுப்புகளிலும் கிடைத்ததைத் தின்று பிழைத்த இனங்கள் என்பதால் எதையும் தின்னும், தின்றதை வீணாக்காது.

அதே குணத்தில் ஆபத்தும் இருக்கிறது. போனிகள் எளிதில் கொழுக்கும். கொழுத்த போனி ஒருநாள் தீனியை நிறுத்தினால் உடம்பிலுள்ள கொழுப்பு ரத்தத்தில் வெள்ளமாக இறங்கி ஈரலை அடைக்கும். பெரிய குதிரைக்கு அபூர்வமாக வரும் அந்த நோய் போனிக்குச் சுலபமாக வரும். வசந்தகாலத்தில் மற்றக் குதிரைகள் ரோமம் உதிர்த்த பிறகும் போனி கம்பளி போர்த்தியது போல நிற்கும். முதல் வெயில் நாள் சவாரியில் வெந்துபோகும். முதுகு உருண்டையாக இருப்பதால் இறக்கத்தில் சேணம் கழுத்துக்கு வழுகும். வாலடியில் ஒரு வார் மாட்டாமல் மலைப்பாதைக்குக் கொண்டுபோகக் கூடாது. இவை எதையும் நான் புத்தகத்தில் முதலில் படிக்கவில்லை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு குழந்தையின் அழுகையோடு சேர்ந்து என் நினைவில் இருக்கிறது.

அவற்றில் ஒன்றை மட்டும் முழுதாகச் சொல்கிறேன். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை எழுத எனக்கு உரிமையில்லை.

1991 ஜூலை, 50 மைல் சவாரி. பன்னிரண்டு வயதுப் பையன், 13 கை உயரச் சாம்பல்நிற போனி. பதினாறு வயதுக்குக் கீழே இருந்தால் கூடவே ஒரு பெரியவர் சவாரி செய்தாக வேண்டும் என்பது விதி. அவனோடு அவன் அப்பா. 32ஆவது மைல் வெட் செக்குக்கு முதல் பத்துப் பேருக்குள் வந்திருந்தார்கள். நாடி 60. நடையில் பிசகில்லை. ஈறு கொஞ்சம் பிசுபிசுவென்று இருந்தது. வயிற்றின் வலப்பக்கம் சத்தம் மிகக் குறைவு. "தீனி தின்கிறதா?" என்று கேட்டேன்.

பையன் போனியின் பிடரியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "காலையிலேருந்து சரியாத் தின்னலை."

அப்பா உடனே குறுக்கிட்டார். வெளியூர் வந்தால் இது எப்போதும் இப்படித்தான், வீட்டுக்குப் போனால் தின்னும், நேரம் போகிறது டாக்டர் என்றார். நான் குதிரையின் சோதனை அட்டையில் குடல் சத்தத்துக்கு இரண்டாம் தரம் போட்டுக் கையெழுத்திட்டேன். நியாயமாக அரை மணி நிறுத்திவைத்து மறுபடி காது வைத்திருக்க வேண்டும்.

41ஆவது மைலில் போனி பாதையிலேயே படுத்துவிட்டது. டிரெய்லர் போய்ச்சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று. மூக்கு வழியாகக் குழாய் விட்டோம், நரம்பில் திரவம் ஏற்றினோம். மறுநாள் எடுத்த ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் நிறுத்திவைத்தபோது மேலே தெளிந்து நின்றது பாலைப்போல வெள்ளையாக இருந்தது. மூன்று நாள் இழுபறிக்குப் பிறகு அது எழுந்தது. ஆனால் அந்தப் பையன் அதற்கப்புறம் எந்தச் சவாரிக்கும் வரவில்லை. ஒரு கடிதம் எழுதிப் பார்த்தேன், பதில் வரவில்லை. அந்த நாளில் அந்தக் குதிரையைப் பற்றி உண்மை சொன்னவன் அவன் ஒருவன்தான். அவன் சொன்னதும் என் காதில் விழுந்தது. விழுந்தும் நான் பெரியவர் முகத்தைப் பார்த்தேன்.

அடுத்த சவாரியிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். போனியோடு குழந்தை வந்தால் கேள்வி குழந்தைக்கு. அப்பா அம்மா பதில் சொல்ல ஆரம்பித்தால், "கொஞ்சம் பொறுங்கள், ஓட்டுகிறவர் சொல்லட்டும்" என்பேன். தண்ணீர் குடித்ததா? எங்கே குடித்தது? எத்தனை தடவை சாணி போட்டது? மூத்திரம் என்ன நிறம்? எந்தப் பக்கம் திரும்பும்போது தயங்கியது? எட்டு வயதுப் பெண்கூட இதற்கெல்லாம் பதில் வைத்திருப்பாள். பெரியவர்கள் பாதி நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். குழந்தை போனியின் காதையே பார்த்துக்கொண்டு வந்திருக்கும்.

அதற்கப்புறம் ஸ்டெதஸ்கோப்பையும் அவர்கள் கையில் கொடுக்க ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமை மாலை எல்லோரும் முகாம் போட்டு, சவாரி நடத்துபவர் பாதையைப் பற்றிச் சொல்லி முடித்த பிறகு, அரை மணி நேரம் குழந்தைகளுக்கு மட்டும். இடப்பக்கம், முழங்கைக்குப் பின்னால், ஒரு விரல் மேலே. முதலில் யாருக்கும் கேட்காது. மூச்சு கேட்கும், வயிறு கேட்கும், போனி வைக்கோல் மெல்லுவது கேட்கும். திடீரென்று ஒரு முகம் மாறும். அப்போது தெரிந்துவிடும், கேட்டுவிட்டது என்று. லப்-டப் இரண்டும் சேர்ந்து ஒன்று என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டாக எண்ணி, என் போனிக்கு நாடி 88 என்று பயந்து ஓடிவருவார்கள். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்க வேண்டும். நாலாம் வாய்ப்பாடு தெரியாத பிள்ளைகள் ஒரே ராத்திரியில் படித்துவிட்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இந்த விளையாட்டுக்குப் பிள்ளைகளைக் கொண்டுவருவது எப்படி என்று என்னிடம் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். கூட்டங்களில் பேசியிருக்கிறார்கள், கோப்பை கொடுக்கலாம், கட்டணம் குறைக்கலாம், சின்னவர்களுக்குத் தனிப் பட்டியல் வைக்கலாம் என்பார்கள். எல்லாம் நல்லதுதான். குறைந்த கட்டணம் உண்மையிலேயே உதவுகிறது. வைக்கோலும் டிரெய்லரும் இன்று விற்கும் விலையில் ஒரு சாதாரணக் குடும்பம் இதற்குள் வருவதே பெரிய காரியம். ஆனால் கோப்பைக்காக வந்த பிள்ளைகள் கோப்பை கிடைக்காத வருடம் போய்விட்டார்கள். நாடி எண்ணக் கற்றுக்கொண்டவர்கள் தங்கினார்கள். என் அனுபவத்தில் இதற்கு விதிவிலக்கு மிகக் குறைவு.

அப்படித் தங்கியவர்களில் ஒரு பெண். பத்து வயதில் முதல் 25 மைல் சவாரி, பிஸ்கட் என்ற கபில நிறப் போனி. நடுவழி வெட் செக்கில் நாடி இறங்கியும் அவள் கிளம்பவில்லை. "இன்னும் தின்னுகிறது டாக்டர், தின்னு முடிக்கட்டும்" என்று பதினைந்து நிமிடம் கூடுதலாக நின்றாள். கூட வந்த அத்தைக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. இறக்கங்களில் அவள் இறங்கிப் போனியோடு சேர்ந்து ஓடியே வந்தாளாம். 6 மணி நேரக் கெடு முடிய ஒன்பது நிமிடம் இருக்கும்போது கடைசி ஆளாக உள்ளே வந்தாள். 25 மைல் சவாரிகளில் ஒரு நல்ல விதி உண்டு: கோட்டைத் தாண்டிய நேரம் கணக்கில்லை, நாடி இறங்கிய நேரம்தான் முடித்த நேரம். அவள் கோட்டருகே வந்து வாரைத் தளர்த்தினாள், கழுத்தில் தண்ணீர் ஊற்றினாள், தானே எண்ணினாள். அதிகாரி எண்ணும்போது 56. கடைசியாக முடிப்பவருக்கு இங்கே பல சவாரிகளில் ஆமைப் பரிசு கொடுப்பார்கள். அன்றைக்கு அவளுக்குக் கிடைத்தது மண்ணால் செய்த ஒரு சின்ன ஆமை. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படுக்கப் போனாள்.

அதே பெண்ணை இரண்டு வருடம் கழித்து ஒரு 50 மைலில் பார்த்தேன். மதிய நிறுத்தத்தில் அவளோடு வந்த பெரியவரின் குதிரை நொண்டியது, நான்தான் நிறுத்தினேன். கூட வரும் பெரியவர் நின்றால் பிள்ளை வேறொரு பெரியவரைத் தேடிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அவளும் அங்கேயே நிற்க வேண்டியதுதான். (பதினான்கு வயதாகி 500 மைல் அனுபவமும் சேர்ந்தால் தனியாகப் போக அனுமதி வாங்கலாம், அவளுக்கு வயது பன்னிரண்டு.) வெளியே போகும் வாசலில் பிஸ்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொருவரிடமும், "என்னையும் கூட்டிக்கொண்டு போவீர்களா? என் போனி யாரையும் உதைக்காது" என்று கேட்டாள். மூன்று பேர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார்கள். அவர்களைக் குற்றம் சொல்லமாட்டேன். அடுத்தவர் பிள்ளையின் உயிருக்குப் பொறுப்பேற்று மலைப்பாதையில் இருபது மைல் போவது சின்ன விஷயமல்ல. நாலாவதாக எழுபது வயதை நெருங்கிய ஒரு அம்மாள் தன் குதிரையை நிறுத்தி, "என் வேகத்தில் வருவாயா, உன் வேகத்தில் நான் வரணுமா?" என்று கேட்டார். "பிஸ்கட் வேகத்தில்" என்றாள் இவள். இரண்டு பேரும் போனார்கள்.

இளைய ஓட்டுநர்கள் இல்லை என்று வருத்தப்படும் எல்லோருக்கும் நான் இதைத்தான் சொல்வேன். பிள்ளைகள் இருக்கிறார்கள். போனிகளும் இருக்கின்றன. அந்த அம்மாளைப்போல நின்று கேட்கும் பெரியவர்கள்தான் போதவில்லை. குதிரையில்லாத வீட்டுப் பிள்ளைக்குத் தன் போனியை ஒரு பருவத்துக்குக் கொடுத்து, தானும் கூடவே சவாரி செய்யும் ஒருவர் ஊருக்கு ஒருவர் இருந்தால் போதும்.

நான் வந்த காலத்துக்கும் இப்போதைக்கும் எவ்வளவோ மாறிவிட்டது. அப்போது வெந்து வந்த குதிரைக்கு உடனே தண்ணீர் காட்டக்கூடாது, பின்தொடைத் தசையில் குளிர்ந்த நீர் ஊற்றினால் தசை இறுகிவிடும் என்று அடித்துச் சொல்வார்கள். வக்கீல் மாதிரி வாதாடுவார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக் கடும் வெக்கையில் நடக்கப்போகிறது என்றபோது இதைப் பற்றி நிறைய ஆராய்ச்சி நடந்தது. உடம்பு முழுக்கக் குளிர்ந்த நீர் ஊற்றி, விட்டு விட்டு நடத்தினால் சூடு வேகமாக இறங்குகிறது, கெடுதல் இல்லை என்று தெளிவாயிற்று. தண்ணீரும் அப்படித்தான், ஓடிவந்த குதிரை கேட்கும்போது குடிக்கவிட வேண்டும். குதிரையின் வியர்வையில் உப்பு மிக அதிகம். உப்பும் நீரும் சேர்ந்தே வெளியேறுவதால் அதன் உடம்புக்குத் தாகம் தெரியாமலே போகலாம். அதனால்தான் இப்போது வழியில் உப்புக் கரைசல் கொடுக்கிறார்கள். பழனித் தாத்தா கொள்ளு வெந்த தண்ணீரில் கைப்பிடி உப்புப் போட்டுக் காட்டுவார். ஏன் என்று அவரிடம் கேட்க அப்போது எனக்குத் தோன்றவில்லை.

தோல் வார்களின் இடத்தில் கழுவி உதறும் செயற்கை வார்கள் வந்தன. லாடத்துக்குப் பதிலாக ரப்பர் காலணி மாட்டும் வழக்கம் பரவியது. குதிரையின் மார்பில் கட்டி, ஓட்டுகிறவர் மணிக்கட்டில் பார்க்கும் நாடிமானி வந்தது. பெரியவர்களுக்கு நல்ல கருவி. பிள்ளைகளுக்கு முதல் இரண்டு வருடம் அதைக் கொடுக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். கண் மணிக்கட்டில் இருந்தால் கை குதிரையிடம் போகாது. ஹெல்மெட்டைப் பற்றி ஒரு சொல்கூட விவாதம் வேண்டாம். பிள்ளைகளுக்கு அது கட்டாயம், அந்த விதி வந்ததில் எனக்கு முழு நிம்மதி.

ஒட்டிய வயிறுதான் ஓட்டக் குதிரைக்கு அழகு என்று ஒரு நம்பிக்கை இருந்தது. 1990களில் டெவிஸ் சவாரிக் குதிரைகளை எடைபோட்டு, உடம்பு தடவி ஆராய்ந்தவர்கள் வேறு கதை சொன்னார்கள். ஓட்டுகிறவர் எடையைவிடக் குதிரையின் உடம்பில் சேமிப்பு இருக்கிறதா என்பதுதான் முடிப்பதையும் முடிக்காததையும் அதிகம் தீர்மானித்தது. மிக மெலிந்தவை முடிக்கவில்லை. போனிக்காரர்களுக்கு இதில் இரண்டு பக்கமும் கவனம் வேண்டும். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக்கூடாது, கையால் தடவினால் சுலபமாகத் தட்டுப்பட வேண்டும்.

பிள்ளைகள் ஏன் நின்றுபோகிறார்கள் என்பதற்குப் பெரிய காரணங்களைத் தேட வேண்டியதில்லை. குளிர்கிறது. முழங்கால் உள்பக்கம் தோல் உரிகிறது. பசிக்கிறது. போனிக்கு மூன்று வகைத் தீனி கட்டிக்கொண்டு வந்த குடும்பம் பிள்ளைக்கு ஒரு சாக்லேட் கட்டியை மட்டும் கொடுத்து அனுப்பியிருக்கும். இருபதாவது மைலில் அந்தப் பிள்ளை அழுவது அலுப்பினால் என்று நினைப்பார்கள். ஒரு பழமும் ரொட்டியும் கொடுத்துப் பத்து நிமிடம் உட்காரவைத்தால் மறுபடி சிரிக்கும். அகலமான அங்கவடி, காலுக்கு உறை, சட்டைப்பையில் தின்பண்டம், மணிக்கு ஒருமுறை இறங்கி நடப்பது. முதல் வருடம் முழுக்கப் பத்து, பதினைந்து மைல் அறிமுகச் சவாரிகள் போதும். இரண்டாம் வருடம் 25. ஐம்பதைப் பிள்ளையே கேட்கட்டும். கேட்காமல் ஏற்றிவிட்ட ஐம்பதுகள் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பின என்று எனக்குத் தெரியும்.

டெவிஸுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து அனுமதி உண்டு. கூடாது என்று ஒரு காலத்தில் நினைத்தேன். ஒரு வருடம் ஃபிரான்சிஸ்கோஸ் என்ற 85ஆவது மைல் வெட் செக்கில் எனக்கு இரவுப் பணி. கோடைப் பௌர்ணமியை ஒட்டித்தான் இந்தச் சவாரி வைப்பார்கள். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் நிலா மரங்களுக்கு மேலேதான் நிற்கும், பாதையில் இருட்டு. முந்தின நாள் காலை ஐந்தேகாலுக்குக் கிளம்பியவர்கள், எட்டாயிரத்துச் சொச்சம் அடி உயரக் கணவாய் ஏறி, கொதிக்கும் பள்ளத்தாக்குகளில் இறங்கி ஏறி, பின்னிரவு ஒரு மணிக்கு வருகிறார்கள். ஏறக்குறையப் பாதிக் குதிரைகள் அதற்குள் நின்றிருக்கும். பதினான்கு வயதுப் பையன் ஒருவன், 13 கை 3 அங்குலப் போனியோடு, அவன் அம்மாவும் கூட. அம்மா வந்து நின்றதும் தரையில் உட்கார்ந்துவிட்டார். பையன் உட்காரவில்லை. போனியை நீர்த்தொட்டிக்குக் கொண்டுபோனான், பின்கால் தசையைப் பிடித்துவிட்டான், கைவிளக்கை வாயில் கவ்விக்கொண்டு குளம்பைச் சுத்தம் செய்தான். பிறகு என்னிடம் வந்தான்.

"நாடி 60. ஆனால் டாக்டர், இடது பின்காலை இறக்கத்தில் கொஞ்சம் குறைத்து வைக்கிறது. உங்களுக்குத் தெரிகிறதா பாருங்கள்."

ஓடவிட்டுப் பார்த்தேன். நேரே ஓடும்போது ஒன்றுமில்லை. வட்டமாகத் திருப்பியபோது ஒரே ஒரு அடி தயங்கியது. அவன் சொல்லியிராவிட்டால் அந்த வெளிச்சத்தில் நான் தவறவிட்டிருப்பேன். இன்னும் 15 மைல், அதில் ஆற்றைக் கடக்க வேண்டும், மூன்று மணி நேரத்துக்கு மேல் கையில் இருக்கிறது. கால் மணி கழித்து மறுபடி பார்த்தோம். தயக்கம் கொஞ்சம் கூடியிருந்தது. நான் வாயைத் திறக்கும் முன்னாலே அவன் சொன்னான், "இங்கேயே நிறுத்திக்கொள்கிறோம்." குரல் உடைந்தது, ஆனால் கை போனியின் முதுகிலேயே இருந்தது. அந்த வருடம், முடித்தவர்களுக்குக் கொடுக்கும் வெள்ளிப் பக்கிள் அவனுக்குக் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் அதே போனியில் நூறும் முடித்தான். அப்போது நான் ஆபர்ன் மைதானத்தில் இருந்தேன். விடியப்போகிற நேரம். இடது பின்கால் ஒரு பிசகில்லாமல் வந்தது.

பதினாறு, பதினேழு வயதில் பெரும்பாலானவர்கள் போய்விடுகிறார்கள். கால் நீண்டு போனியின் வயிற்றுக்குக் கீழே தொங்க ஆரம்பிக்கும். கார் ஓட்டும் உரிமம், கல்லூரி, வேலை. தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. போனி மட்டும் வேலையில்லாமல் வேலிக்குள் நின்று கொழுக்கக் கூடாது. பதினெட்டு வயதான போனி இன்னொரு எட்டு வயதுப் பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த வாத்தியார். பிஸ்கட் அந்தப் பெண்ணுக்குப் பிறகு இரண்டு வீடு மாறி, இருபத்திநாலாவது வயது வரை அறிமுகச் சவாரிகள் போனது. அந்தப் பெண் பள்ளியின் கடைசி இரண்டு வருடமும் என் பக்கத்தில் அட்டையும் பேனாவுமாக நின்று நான் சொல்வதை எழுதினாள். சின்னப் பிள்ளைகள் பரிசோதனைக்கு வரும்போது அவளே முதலில் குனிந்து, "தண்ணீர் எங்கே குடித்தது?" என்று கேட்டுவிடுவாள். நான் சும்மா நின்றுகொண்டிருப்பேன்.

போன வசந்தத்தில் ஒரு சவாரிக்குச் சும்மா பார்க்கப் போயிருந்தேன். கண் பழையபடி இல்லை. கையெழுத்திடும் வேலையை விட்டுவிட்டேன். பதினைந்து மைல் அறிமுகச் சவாரி. எட்டு வயது இருக்கும், ஒரு சின்னப் பெண், கறுப்பும் வெள்ளையுமான ஷெட்லண்ட் கலப்புப் போனி, கூட அவள் தாத்தா. வெயிலில் நின்று அவளே ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொண்டாள். தாத்தா கைக்கடிகாரத்தைப் பார்த்து "ஆரம்பி" என்றார், பதினைந்து விநாடி கழித்து "போதும்" என்றார்.

"பதினேழு" என்றாள்.

"நாலால் பெருக்கினால்?"

உதடு அசைந்தது. "அறுபத்தெட்டு. பதினாறு வரணும்."

முடித்துக்கொண்டு போய்க் காட்டலாம், அவர்கள் எண்ணும்போது இறங்கியிருக்கும் என்றார் தாத்தா. அவள் தலையை ஆட்டினாள். வாரை இரண்டு துளை தளர்த்திவிட்டு, போனியை ஓக் மரத்தடி நிழலுக்கு நடத்திக்கொண்டு போனாள்.